மூன்றரையால் பெருக்கி

ஓரியூர்ச் செம்மண் இன்னும் செருப்பில் இருக்கிறது.
யாத்திரை நேற்றோடு சரி.
குழுவைக் கூட்டிவந்த சூசைதாசன் அண்ணர்
"பின்னேரம் ஏழு மணிக்கு லாட்ஜில் நில்லுங்கோ"
என்றுவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டார்.
ராமநாதபுரத்தில் பஸ் ஏறி
நானும் மச்சாள் நிரோஷாவும்
கீழக்கரையில் இறங்குகிறோம்,
ஒரு வேலையும் இல்லாமல்.

எங்களுக்கு வெளிநாடு இதுதான்.
மன்னாரிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவு பஸ்,
மதுரைக்கு ஒரு மணி நேர விமானம்,
கடவுச்சீட்டில் முத்திரை, பிறகும் ஒரு பஸ்.
காற்று நல்லாயிருந்தால்
எங்கட போட் விடியமுன் தாண்டிவிடும் தூரம்.

எதைத் தொட்டாலும் மூன்றரையால் பெருக்குகிறோம்.
இருநூற்று நாற்பது ரூபா நைட்டி
எண்ணூற்று நாற்பது.
"அவ்வளவுதானா?"
நிரோஷா ஐந்து எடுக்கிறாள்,
ஐந்தும் ஒரே ஊதா.
எவர்சில்வர் இடியாப்ப உரலைக்
கையில் தூக்கி நிறுத்துப் பார்த்துவிட்டு
திரும்ப வைக்கிறாள்:
விமானத்தில் முப்பது கிலோதான்.

"ஃபாரின் சாமான்" என்று எழுதிய கடை.
கண்ணாடி அலுமாரிக்குள்
துபாய்ப் பால்மா, மலேசியாத் தைலம்,
மூடி திறவாமலே மணக்கும் அத்தர்.
பாசித் என்ற பெடியன், மீசை இப்போதுதான்,
மேல்தட்டில் எட்டி ஒரு சோப்பை எடுத்து
சட்டை நுனியால் துடைத்து நீட்டினான்:
"அக்கா, இது அசல் சிலோன்.
லேசுல கிடைக்காது."

எங்கள் குளியலறையில் கிடக்கிற சோப்.
தெருமுனையில் நூற்றெண்பது.
இங்கே நூற்றிருபது, அதாவது நானூற்றிருபது.
நிரோஷா முகர்ந்தாள், கண்ணை மூடி,
புதிதாக முகர்கிற ஆளைப் போல.
"நல்ல வாசம்" என்றாள்.
நான் தெருவுக்கு ஓடிவந்து சிரித்தேன்.
அவள் வெளியே வர
கொஞ்ச நேரம் பிடித்தது.

மத்தியானம் நெய்ச்சோறு,
மீன் ஆணம், பொரித்த பாரை.
பரிமாறுகிறவர் கேட்டார், எந்த ஊரென்று.
"மன்னார்."
"மன்னார்குடியா? எங்க சின்னம்மா வீடு அங்கதான்."
நிரோஷா "ஓம்" என்றுவிட்டாள்.
அந்த ஓமில் அவர் ஒரு கணம் நின்றார்.
பிறகு கேட்காமலே
இன்னும் இரண்டு கரண்டி ஆணம் ஊற்றினார்.

பாரைத் துண்டு, தடிப்பாக,
ஓரம் மட்டும் மொறுமொறு.
போன மாசியில் டிரோலர் இழுத்துக்கொண்டு போன
எங்கள் வலைகள் பதினாலு.
என் மனுசன் எண்ணி எழுதின தாள்
பைபிளுக்குள் மடித்தபடி கிடக்கிறது.
இந்த மீன் எந்தப் பக்கத்துத் தண்ணியில் நின்றது?
கேட்கலாம்தான்.
கேட்டால் குசினிக்குள் போய்
யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார்.
அந்த ஆளும் வலையைப் பற்றித்தான் கதைப்பான்.
இன்றைக்கு லீவு.
முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு
இன்னொரு துண்டு சொன்னேன்.
ருசியாயிருந்தது. அதை யாரிடம் ஒளிக்க?

வெயில் சாயும்வரை தொதல் கடை வாசலில்
எங்கட தொதல் திறமா, இவையின்ரையா என்று சண்டை.
எங்கடதுதான் என்று முடிவாகி,
இதில் ஒரு கிலோ வாங்கினோம்.
கடற்கரைக்குப் போய்
பைகளை மடியில் வைத்துக்கொண்டு
சர்பத் குடித்தோம், ஆளுக்கு இரண்டு.
காசு கொடுத்துப் பத்தடி நடந்த பிறகுதான்
பெருக்கிப் பார்க்க மறந்தது தெரிந்தது.
திரும்பிப் போய்
எவ்வளவென்று கேட்கவா முடியும்.

பஸ்ஸில் ஏதோ மணந்தது.
முதலில் பக்கத்து சீட் பெண்ணின்
மல்லிகை என்று நினைத்தேன்.
பிறகு ஊதா நைட்டிகளைக் கிளறினேன்.
நடுவில், சட்டை நுனியால் துடைத்த பளபளப்போடு,
அது.

"உனக்கென்ன விசரா?"

"பெடியன் எவ்வளவு ஆசையாக் காட்டினவன்,"
என்றாள் நிரோஷா.

"நானூற்றிருபது," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.